அழித்த வைரஸ் மறுபடி எங்கிருந்து வருகிறது?

"நேத்துதானப்பா எல்லாத்தையும் அழிச்சுட்டுப் போன, இன்னைக்குக் காலையில மறுபடியும் வந்து நிக்குது."

சிவகாசியில் இருக்கும் சித்தி போனில் இப்படிச் சொன்னது அது மூன்றாவது முறை. வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று டிடிபி வேலை செய்கிறவர். வேலை முடிந்ததும் பென் டிரைவில் போட்டு அச்சகத்துக்குக் கொண்டுபோவார். ஒரு நாள் பென் டிரைவைத் திறந்தால், ஃபோல்டர்கள் எல்லாம் ஓரத்தில் சின்ன அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாக நின்றன. நான் போய் ஆன்டிவைரஸை ஓட்டி, அது காட்டியதையெல்லாம் அழித்துவிட்டு வந்தேன். இரண்டே நாளில் திரும்ப வந்தது. ஆன்டிவைரஸை மாற்றிப் பார்த்தேன். அப்போதும் வந்தது.

எதை வைத்து அழிப்பது என்றே அதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன். யார் இதைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள் என்று தேட ஆரம்பித்த பிறகுதான் வழி தெரிந்தது.

வயலில் கோரை பிடுங்கியவர்களுக்கு இது சட்டென்று புரியும். மேலே தெரியும் புல்லை எத்தனை முறை அறுத்தாலும், மண்ணுக்குள் கிழங்கு இருக்கும்வரை நாலு நாளில் தலை தூக்கிவிடும். கிழங்கையும் தோண்டி எடுத்த பிறகும் முளைக்கிறது என்றால், பக்கத்து வயலை உழுத கலப்பையில் ஒட்டிக்கொண்டு புதுக் கிழங்கு வந்திருக்கிறது. கம்ப்யூட்டரிலும் இந்த இரண்டு வழிதான். ஒன்று, உள்ளேயே கிழங்கு மிச்சம் இருக்கிறது. இல்லை, வெளியிலிருந்து மறுபடி வருகிறது.

உள்ளே இருக்கும் கிழங்கு

வைரஸ் என்று நாம் பொதுவாகச் சொல்வது, வேர்டு போல, பிரவுசர் போல ஒரு புரோகிராம்தான். கம்ப்யூட்டரை ஆஃப் செய்தால் அதுவும் நின்றுவிடும். மறுநாள் ஆன் செய்யும்போது தானாக எழுந்து ஓட அதற்கு வழியில்லை. யாராவது எழுப்ப வேண்டும். அதனால் உள்ளே நுழைந்த உடனே வைரஸ் செய்கிற முதல் வேலை, "தினமும் என்னை எழுப்பிவிடு" என்று விண்டோஸிடம் எங்காவது எழுதி வைப்பது. அந்தக் குறிப்புதான் கிழங்கு.

ஷார்ட்கட் வைரஸ் நடப்பதைப் பார்த்தால் இது தெளிவாகும். அது உங்கள் ஃபோல்டரை அழிப்பதில்லை. விண்டோஸில் ஒரு ஃபோல்டருக்கு 'ஹிடன்', 'சிஸ்டம்' என்று இரண்டு அடையாளங்களைக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டால் சாதாரணமாகப் பார்க்கும்போது கண்ணில் படாது. வைரஸ் முதலில் உங்கள் ஃபோல்டரை அப்படி மறைக்கிறது. அப்புறம் அதே பெயரில், அதே மஞ்சள் ஃபோல்டர் படத்தோடு ஒரு ஷார்ட்கட்டை வைக்கிறது. நீங்கள் அதை டபுள் கிளிக் செய்தால் இரண்டு காரியம் நடக்கும். பென் டிரைவில் ஒளிந்திருக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஃபைல், ஓடும். அதோடு உங்கள் உண்மையான ஃபோல்டரும் திறக்கும். கேட்ட ஃபோல்டர் திறந்துவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வராது. சித்திக்கும் வரவில்லை.

ஓடிய ஸ்கிரிப்ட் தன்னை 'ஆப்டேட்டா' என்ற ஃபோல்டருக்குள் நகலெடுத்துக்கொள்ளும். அந்த ஃபோல்டர் இயல்பாகவே மறைந்திருப்பது. யாரும் அடிக்கடி எட்டிப்பார்க்காத இடம். பிறகு ரெஜிஸ்ட்ரியில் 'ரன்' என்ற பகுதியில் தன் பெயரை எழுதும். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளை எல்லாம் குறித்து வைத்திருக்கும் பேரேடு. அதில் 'ரன்' பகுதியில் யார் பெயர் இருக்கிறதோ, நீங்கள் லாகின் செய்யும் ஒவ்வொரு முறையும் அவர்களை விண்டோஸ் எழுப்பிவிடும். எழுந்த ஸ்கிரிப்ட் சும்மா காத்திருக்கும். புதிதாக ஒரு பென் டிரைவ் செருகப்பட்டதும் அதற்குள்ளும் இதே வேலையைச் செய்யும்.

ஆக ஒரே வைரஸ் நான்கு இடத்தில் இருக்கிறது: மெமரியில் ஓடிக்கொண்டு, டிஸ்க்கில் ஃபைலாக, ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியாக, பென் டிரைவில் ஒரு நகலாக. ஃபைலை மட்டும் அழித்தால், மெமரியில் ஓடிக்கொண்டிருப்பது சில நொடிகளில் அதை மறுபடி எழுதிவிடும். இரண்டு புரோகிராம்களாக ஓடி, ஒன்றை நிறுத்தினால் மற்றது அதை எழுப்பும் வகைகளும் உண்டு. "டெலிட் பண்ணப் பண்ண வருது" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடக்கும். ஆன்டிவைரஸ் ஃபைலை எடுத்துவிடும், ஆனால் ரெஜிஸ்ட்ரி வரி அப்படியே கிடக்கும். அப்போது கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், "ஸ்கிரிப்ட் ஃபைலைக் காணோம்" என்று 'விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்' பெயரில் ஒரு சின்னப் பெட்டி வரும். இதைப் பார்த்து வைரஸ் மறுபடி வந்துவிட்டது என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். எழுப்பச் சொன்ன குறிப்பு இருக்கிறது, எழுப்ப ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த வரியை நீக்கினால் பெட்டி வராது.

'ரன்' பகுதி தவிர வேறு சில இடங்களிலும் குறிப்பு எழுதலாம். 'ஸ்டார்ட்அப்' என்றே ஒரு ஃபோல்டர் இருக்கிறது. திரையில் தெரியாமல் பின்னணியில் ஓடும் சர்வீஸாகப் பதிந்துகொள்ளலாம். என் அனுபவத்தில் பலரும் பார்க்காமல் விடுவது 'டாஸ்க் ஷெட்யூலர்'. மணிக்கு ஒரு தடவை, லாகின் செய்த பத்து நிமிடம் கழித்து என்று நேரம் குறித்து ஒரு புரோகிராமை ஓட வைக்கும் வசதி அது. நல்ல மென்பொருள்கள் அப்டேட் பார்க்க இதைப் பயன்படுத்துகின்றன. வைரஸும் ஏதோ அப்டேட் வேலை போல ஒரு பெயரை வைத்துக்கொண்டு அதே வரிசையில் உட்கார்ந்துவிடும். அது ஃபைலை இணையத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளும் வகையாக இருந்தால், எத்தனை முறை அழித்தாலும் அடுத்த மணிக்குப் புதுப் பிரதி தயார்.

எப்போது வருகிறது என்று எழுதி வையுங்கள்

உடனே எதையாவது டவுன்லோடு செய்து ஓட்ட வேண்டும் என்று கை பரபரக்கும். அதற்கு முன்னால் ஒரு நாள் பொறுத்து, ஒரு தாளில் நேரத்தைக் குறியுங்கள். இதைவிட அதிகம் உதவிய கருவி எனக்கு வேறில்லை. ஆன் செய்து லாகின் ஆன உடனே வருகிறதா? அப்படியென்றால் 'ரன்' அல்லது 'ஸ்டார்ட்அப்'. யாரும் தொடாமலே சரியாக ஒரு இடைவெளியில் வருகிறதா? டாஸ்க் ஷெட்யூலர். பென் டிரைவ் செருகினால் மட்டுமா? பென் டிரைவைப் பாருங்கள். பிரவுசரைத் திறந்தால் மட்டுமா? கோளாறு பிரவுசருக்குள்ளேயே இருக்கலாம்.

இன்னொன்று, ஆன்டிவைரஸ் எச்சரிக்கை வரும்போது அதில் இருக்கும் ஃபைல் பாதையை முழுசாகப் படியுங்கள். பெயரை மட்டும் பார்த்துவிட்டு 'ரிமூவ்' அமுக்குவதுதான் நம் எல்லோருக்கும் பழக்கம். பாதை பென் டிரைவின் எழுத்தில் தொடங்கினால் ஒரு விஷயம். 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்று இருந்தால், விண்டோஸ் பழைய ரீஸ்டோர் பாயிண்ட்டில் எடுத்து வைத்த நகல் அது; நீங்கள் அந்த நாளுக்குத் திரும்பிப் போகாதவரை தானாக ஓடாது. பாதை டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் ஒரு ஜிப் ஃபைலைக் காட்டினால், அது இன்னும் பிரிக்காத பொட்டலம். அதை அழித்தாலே போதும்.

சித்தியிடம் தாளைக் கொடுத்தேன். மூன்று நாள் குறித்திருந்தார். இரண்டு நாள் ஒன்றுமே இல்லை. மூன்றாம் நாள் மதியம் அச்சகத்துக்குப் போய்விட்டு வந்த பிறகு வந்திருந்தது. பாதி விடை அந்தத் தாளிலேயே இருந்தது.

வெளியிலிருந்து வரும் வழிகள்

முன்பெல்லாம் பென் டிரைவைச் செருகினாலே போதும், அதில் இருக்கும் 'ஆட்டோரன்' ஃபைல் வழியாக வைரஸ் ஓடிவிடும். விண்டோஸ் 7-இல் மைக்ரோசாப்ட் அந்த வசதியை பென் டிரைவ்களுக்கு நிறுத்தியது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டா கணினிகளுக்கும் அப்டேட்டாகக் கொடுத்தது. அதனால் இன்றைய பென் டிரைவ் வைரஸுக்குப் பெரும்பாலும் நம் கையால் ஒரு கிளிக் தேவைப்படுகிறது. ஃபோல்டர் வேஷம் போடுவது அந்த ஒரு கிளிக்குக்காகத்தான்.

ஒரு கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து பக்கத்துக் கம்ப்யூட்டரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கான்ஃபிக்கர் பெரிய பாடம். 2008 நவம்பரில் வெளிப்பட்ட புழு அது; கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தானாகவே பரவும் வகையைப் புழு என்பார்கள். விண்டோஸில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் அக்டோபரிலேயே அப்டேட் கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். நெட்வொர்க் வழியாகவும் பரவும், எளிதான பாஸ்வேர்டுகளை ஊகித்தும் நுழையும், பென் டிரைவிலும் ஏறும். உள்ளே வந்ததும் ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்களைத் திறக்க விடாமல் தடுத்துவிடும். ஒரு அலுவலகத்தில் பத்தில் ஒன்பது கம்ப்யூட்டரைத் துடைத்தாலும், பத்தாவது எல்லோருக்கும் மறுபடி கொடுக்கும். அதை உருவாக்கியவர்களைப் பிடிக்கத் தகவல் தருபவர்களுக்கு 2,50,000 டாலர் என்று மைக்ரோசாப்ட் 2009 பிப்ரவரியில் அறிவித்தது. வீட்டிலும் இதே கதைதான். பையனின் லேப்டாப்பும் உங்கள் கம்ப்யூட்டரும் ஒரே பென் டிரைவைப் பகிர்ந்துகொண்டால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும்.

அடுத்தது ரவுட்டர். இது அரிது, ஆனால் வந்தால் குழப்பம் அதிகம். இணையத்தில் ஒரு தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடிக் கொடுப்பது டிஎன்எஸ். அந்த அமைப்பை மாற்றிவிட்டால், நீங்கள் ஒரு முகவரி தட்ட வேறெங்கோ கொண்டுபோய் விடலாம். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற வைரஸ் அதைத்தான் செய்தது. கம்ப்யூட்டரில் மட்டுமல்லாமல், வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றாத வீட்டு ரவுட்டர்களிலும் நுழைந்து மாற்றியது. அமெரிக்காவின் எஃப்பிஐ 2011 நவம்பரில் அந்தக் கும்பல் மீது நடவடிக்கை எடுத்தபோது, 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் 40 லட்சம் கணினிகள் வரை மாட்டியிருந்தன. உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர், போன் இரண்டிலும் வைஃபையில் இருக்கும்போது மட்டும் சம்பந்தமில்லாத தளங்கள் திறந்து, மொபைல் டேட்டாவுக்கு மாறினால் சரியாகிவிடுகிறது என்றால் ரவுட்டரைச் சந்தேகிக்கலாம். அதை ஃபேக்டரி ரீசெட் செய்து, அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரீசெட்டுக்கு முன்னால் இணைய இணைப்புக்கான யூசர் நேம், பாஸ்வேர்டை கேபிள்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பிரவுசர் விஷயம் வேறு மாதிரி. திரையின் வலது மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று அடிக்கடி பெட்டி வருகிறதென்றால், பல நேரம் கம்ப்யூட்டரில் வைரஸே இருக்காது. எப்போதோ ஒரு தளம் "அலவ் அழுத்துங்கள்" என்றதும் அழுத்தியிருப்போம். நோட்டிஃபிகேஷன் அனுப்ப அந்தத் தளத்துக்கு நாமே கொடுத்த அனுமதி அது. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், தெரியாத தளங்களை நீக்கினால் நின்றுவிடும். என்ன ஆன்டிவைரஸ் போட்டாலும் இது போகாததற்குக் காரணம், அழிக்க அங்கே ஃபைலே இல்லை என்பதுதான்.

பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்னத் துணை புரோகிராம்தான் எக்ஸ்டென்ஷன். நீக்கிய எக்ஸ்டென்ஷன் திரும்ப வந்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று சிங்க். கூகுள் கணக்கில் நுழைந்திருந்தால் எக்ஸ்டென்ஷன்களும் கணக்கோடு சேர்ந்து கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் பயணம் செய்யும்; எல்லாக் கணினிகளிலும் நீக்க வேண்டியிருக்கும். மற்றொன்று, குரோம் மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்ற வரி. ஆபீஸ் லேப்டாப்பில் அது இயல்பு. சில ஆன்டிவைரஸ்களும் அப்படி வர வைக்கும். அப்படி எதுவும் இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த வரி தெரிந்தால், யாரோ நிறுவனத்தின் அதிகாரி போல நடித்து ஒரு எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாகத் திணித்திருக்கலாம். நீக்கும் பொத்தானே வேலை செய்யாமல் இருப்பது அதன் அடையாளம்.

ஃபார்மட் போட்டும் வந்தால்

"ஃபார்மட் போட்டாச்சு, அப்பவும் வருது" என்பது அடிக்கடி கேட்கும் புலம்பல். விண்டோஸுக்கும் முன்னால் ஓடும், மதர்போர்டு சிப்பிலேயே இருக்கும் பயாஸுக்குள் போய் ஒளிந்துகொண்டதோ என்று உடனே தோன்றும். அப்படியும் வைரஸ் உண்டு. 2018-இல் ஈசெட் நிறுவனம் கண்டறிந்த லோஜாக்ஸ், ஹார்ட் டிஸ்க்கையே மாற்றினாலும் போகாமல் மதர்போர்டு சிப்பில் தங்கியது. ஆனால் அது அரசு அமைப்புகளைக் குறிவைத்த உளவு வேலை. நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் காரணம் பெரும்பாலும் அதைவிடப் பக்கத்தில் இருக்கும்.

டி டிரைவ்தான் அது. நம் பக்கத்தில் ஃபார்மட் என்றால் சி டிரைவை மட்டும் துடைத்து விண்டோஸ் போடுவார்கள். போட்டோ, வேலை ஃபைல், "சாஃப்ட்வேர்ஸ்" என்று ஒரு ஃபோல்டர், எல்லாம் டி டிரைவில் அப்படியே இருக்கும். சாலிட்டி, ராம்நிட் போன்ற வைரஸ்கள் கிடைக்கும் புரோகிராம் ஃபைல்கள் ஒவ்வொன்றிலும் தங்களை ஒட்டிக்கொள்பவை. புது விண்டோஸில் பழைய பிரிண்டர் டிரைவர் செட்டப்பை டி டிரைவிலிருந்து திறக்கும் நிமிடத்தில் கதை முதலிலிருந்து தொடங்கும்.

அப்புறம் கிராக். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்ல வேண்டும். காசு கொடுக்காமல் விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும், டிசைன் மென்பொருளைத் திறக்கவும் கிடைக்கும் கிராக்குகள் பலவும் முதல் வரியிலேயே "ஆன்டிவைரஸை நிறுத்துங்கள்" என்று கேட்கின்றன. வீட்டுக்குள் வருகிறவர் நாயைக் கட்டிவைக்கச் சொல்வது போன்றதல்ல இது. நாயை விற்றுவிடச் சொல்வது. ஏனென்றால் கிராக் ஓடிய பிறகு, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டரில் 'எக்ஸ்க்ளூஷன்' என்ற பட்டியலில் தன் ஃபோல்டரைச் சேர்த்துவிடக்கூடும். அந்தப் பட்டியலில் இருக்கும் இடத்தை டிஃபெண்டர் எட்டிக்கூடப் பார்க்காது. எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் "எல்லாம் சரி" என்றே வரும்.

சித்தியின் கம்ப்யூட்டரில் அதுதான் இருந்தது. விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ் என்று போய்க் கடைசிவரை இறங்கி எக்ஸ்க்ளூஷன்ஸைத் திறந்தால், முழு சி டிரைவும் பட்டியலில். டிசைன் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தவர் கொண்டுவந்த கிராக்கின் வேலை. சித்திக்கு இப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது. உங்கள் கம்ப்யூட்டரில் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரே ஒரு இடத்தைத்தான் பார்ப்பீர்கள் என்றால், இந்த இடத்தைப் பாருங்கள். நீங்களே சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக் கூடாது. அதே பக்கத்தில் 'டேம்பர் புரொடக்ஷன்' ஆனில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மற்ற புரோகிராம்கள் டிஃபெண்டரை நிறுத்திவிடாமல் காக்கும் பூட்டு அது.

கிழங்கோடு எடுப்பது

வரிசை முக்கியம். முதலில் விண்டோஸையும் டிஃபெண்டரையும் அப்டேட் செய்யுங்கள், பிறகு எல்லாப் பென் டிரைவ்களையும் கழற்றி, இணையத்தையும் துண்டியுங்கள். மணிக்கொருமுறை புதுப் பிரதி இறக்குகிறவனுக்கு அதுவே பாதி அடி. எக்ஸ்க்ளூஷன் பட்டியலைக் காலி செய்யுங்கள். கிராக் வந்த மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

அடுத்து 'டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்'. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் இருக்கும். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, வழக்கமான விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஸ்கேன் நடக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும். இதன் அருமை என்னவென்றால், வைரஸை எழுப்ப வேண்டிய விண்டோஸ் அந்த நேரத்தில் தூங்குகிறது. மெமரியில் இருந்துகொண்டு ஃபைலை மறுபடி எழுத ஆளே இல்லை. தொடங்குவதற்கு முன் திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிடுங்கள். சில லேப்டாப்புகளில் இப்படி ரீஸ்டார்ட் ஆகும்போது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீயைக் கேட்கக்கூடும். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் அது இருக்கும், முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

பிறகு எழுப்பும் குறிப்புகளைத் தேட வேண்டும். டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதியைப் பார்ப்பது ஆரம்பம். முழுசாகப் பார்க்க 'ஆட்டோரன்ஸ்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. மார்க் ருசினோவிச் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று. 2006-இல் மைக்ரோசாப்ட் அந்த நிறுவனத்தை வாங்கியதிலிருந்து அவர்கள் தளத்திலேயே கிடைக்கிறது. ரன், டாஸ்க் ஷெட்யூலர், சர்வீஸ் என்று விண்டோஸ் யாரையெல்லாம் எழுப்புகிறதோ அத்தனை பேரையும் ஒரே இடத்தில் காட்டும். முதல் முறை திறந்தால் பட்டியலின் நீளமே மிரட்டும். 'ஹைடு மைக்ரோசாப்ட் என்ட்ரீஸ்' என்பதைத் தேர்ந்தால் கணிசமாகச் சுருங்கிவிடும். மஞ்சள் நிறத்தில் இருப்பது, குறிப்பு இருக்கிறது ஃபைல் இல்லை என்று பொருள். இளஞ்சிவப்பில் இருப்பது, யார் உருவாக்கியது என்று கையெழுத்து இல்லாதது. இளஞ்சிவப்பு எல்லாமே கெட்டது என்று எண்ண வேண்டாம். சின்ன நிறுவனங்களின் நல்ல மென்பொருளும் அப்படித் தெரியலாம். சந்தேகமானதை உடனே டெலிட் செய்யாமல் டிக்கை மட்டும் எடுங்கள். தப்பாக எடுத்திருந்தால் திரும்ப வைத்துக்கொள்ளலாம். ஆப்டேட்டா ஃபோல்டரில் இருந்து ஒரு ஸ்கிரிப்டை ஓட்டச் சொல்லும் வரி இருந்தால் நான் யோசிக்காமல் டிக் எடுப்பேன்.

கம்ப்யூட்டர் தெளிந்த பிறகு பென் டிரைவ். செருகியதும் எதையும் திறக்காமல், ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மறைந்த ஃபைல்களையும், ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளையும் காட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுத்தால், மங்கலாக உங்கள் பழைய ஃபோல்டர்கள் தெரியும். சித்தி அந்த நிமிடம் "ஐயோ, எல்லாம் இருக்கு" என்று கண் கலங்கிவிட்டார். ஆன்டிவைரஸ் ஷார்ட்கட்டுகளை அழித்ததும் ஃபோல்டரே கண்ணில் படாமல் போனதால், ஒரு வாரமாக மூன்று கல்யாண வேலை போய்விட்டது என்றே நினைத்திருந்தார். அந்த ஃபோல்டர்களுக்குள் இருக்கும் வேலை ஃபைல்களை மட்டும் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்துவிட்டு, பென் டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள். ஷார்ட்கட், ஸ்கிரிப்ட், செட்டப் எதையும் எடுத்து வராதீர்கள்.

இவ்வளவும் செய்து மறுபடி வந்தால் நேரத்தை வீணாக்காமல் விண்டோஸைப் புதிதாகப் போடுவதே மேல். மைக்ரோசாப்ட் தளத்தில் இருக்கும் மீடியா கிரியேஷன் டூலை வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் ஓட்டி, குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றிப் போட வேண்டும். டி டிரைவில் இருக்கும் படங்களையும் ஆவணங்களையும் வெளியே எடுத்துவிட்டு, இந்த முறை அதையும் சேர்த்துத் துடையுங்கள்.

பாஸ்வேர்டுகளை மறக்கக் கூடாது. இன்றைய மால்வேரில் பல, கம்ப்யூட்டரைக் கெடுக்க வருவதில்லை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நாம் லாகின் ஆகி இருப்பதைத் தளங்களுக்கு நினைவூட்டும் குக்கி என்ற சின்னக் குறிப்புகளையும் அள்ளிப் போகவே வருகின்றன. லூமா என்ற ஒரு வகை மட்டும் 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை 3,94,000-க்கும் அதிகமான விண்டோஸ் கணினிகளில் இருந்ததாக மைக்ரோசாப்ட் கூறியது. ஆகவே மெயில், வங்கி பாஸ்வேர்டுகளைச் சுத்தமான போனிலிருந்து மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் பொத்தானையும் அழுத்துங்கள். குக்கி திருடியவனைப் பாஸ்வேர்டு மாற்றம் மட்டும் எப்போதும் வெளியே தள்ளாது. வங்கிக் கணக்கில் பணம் போயிருந்தால், இந்தியாவில் இருப்பவர்கள் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழைக்க வேண்டும். இலவசச் சுத்திகரிப்புக் கருவிகள் வேண்டுமென்றால், மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் கிடைக்கும். பெட்டியில் எண் காட்டி "அழையுங்கள், சரிசெய்கிறோம்" என்று சொல்லும் யாரையும் அழைக்க வேண்டாம்.

அச்சகத்தில்

சித்தியின் தாளில் இருந்த மிச்சப் பாதி விடையைப் பார்க்க இருவரும் அச்சகத்துக்குப் போனோம். புதிதாக ஃபார்மட் செய்த பென் டிரைவில் 'சோதனை' என்று ஒரே ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கிக் கொண்டுபோயிருந்தேன். உரிமையாளர் அண்ணாச்சியின் அனுமதியோடு அவருடைய கம்ப்யூட்டரில் செருகி, எதையும் தொடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சில நொடிகளில் ஃபோல்டரின் ஓரத்தில் சின்ன அம்புக்குறி முளைத்தது.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்த ஒரு கம்ப்யூட்டரில் ஊரில் பாதி டிடிபிகாரர்களின் பென் டிரைவ் தினமும் ஏறி இறங்குகிறது.

"அப்ப இவ்வளவு நாளும் எல்லாத்துக்கும் நான்தான் குடுத்துக்கிட்டு இருந்திருக்கேனா தம்பி?"

"உங்களுக்கும் யாரோ குடுத்ததுதான் அண்ணாச்சி," என்றேன்.

அன்று மாலை மெஷினை நிறுத்திவிட்டு அந்தக் கம்ப்யூட்டரை இரவு ஒன்பது மணிவரை சுத்தம் செய்தோம். ஸ்கேன் ஓடிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி பில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக்கொண்டிருந்தார். "பென் டிரைவை எதுலயும் சொருகாதீங்க, நாளைக்கு இங்க கொண்டுவாங்க. இனிமே பிடிஎஃப்பை மெயில்ல அனுப்புங்க." சித்தி பக்கத்தில் உட்கார்ந்து, பேசி முடித்த பெயர்களை ஒவ்வொன்றாக டிக் செய்துகொண்டிருந்தார்.